வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் என்னைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு



மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை சமையலறைப் பக்கம் என்னைக் காணோம் என்று நிறைய பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீங்க. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் நல்லா இருக்கேன். வேலைக்குப் போறேன். ஒரு தாதிமை இல்லத்தில் சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

எனக்கு 48 வயது. கடைசியாகச் சம்பளம் வாங்கி 17 வருஷம் ஆகிறது. இந்த வயதில் எப்படிக் கிடைத்தது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள், என்ன படித்துவிட்டுப் போனாய் என்று நம்ம சமையலறைப் பெண்களே நாலு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். நாலு பேருக்கும் நாலு தடவை சொல்வதைவிட இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதலில் என் நிலைமை. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். ஆறு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். பணிப்பெண் வைக்கவில்லை. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்காரருக்கும் ஓய்வு வயது நெருங்குகிறது, வீட்டுக்கு இன்னொரு சம்பளம் தேவை. விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் 'வேலை அனுபவம்' என்று பெரிய கட்டம் போட்டிருக்கிறது. அதில் எழுத என்னிடம் 17 வருஷத்துக்கு முந்திய ஒரு தொழிற்சாலை வேலைதான் இருந்தது.

நம்ம கோயிலில் காய்கறி நறுக்க வருகிற சிஸ்டர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆனா உங்களுக்கே யாருன்னு தெரியும். 30 வருஷத்துக்கு மேல் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வெள்ளிக்கிழமை, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, பின்மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். கீழே எழுதுவதில் முக்கால்வாசி அவர் சொல்லிக்கொடுத்தது.

"ஆறு வருஷம் மாமியாருக்கு எல்லாம் செஞ்சேன்" என்று ஆரம்பித்தேன். அக்கா உடனே நிறுத்தினார்.

"எல்லாம்னா என்னம்மா? அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு உன் மாமியாரையும் தெரியாது, உன்னையும் தெரியாது. காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வே? அதைச் சொல்லு."

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒரு நாளை முழுசாக எழுதச் சொன்னார். எழுதினேன். காலை 5.30 மணிக்கு அத்தையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி சிவந்திருக்கிறதா என்று விளக்குப் போட்டுப் பார்ப்பது. பேம்பர்ஸ் மாற்றுவது. வாய் துடைப்பது. சர்க்கரை பார்ப்பது. நிமிர்த்தி உட்கார வைத்து, திக்கனர் பவுடர் கலந்த தண்ணீரைக் கரண்டியால் கொடுப்பது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாமல் இருப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் திருப்பிவிடுவது. எழுத எழுத ஒன்பது பக்கம் வந்தது. அதுவரை 'சும்மா வீட்டில் இருந்தேன்' என்றே ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்தவள் நான்.

அக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்டார்.

"சட்டை போடும்போது எந்தக் கையை முதல்ல விடுவே?"

"வலது கை. விழுந்துபோன கை."

"ஏன்?"

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். நல்ல கை வளையும், கடைசியில் கூட எப்படியாவது நுழைத்துக்கொள்ளும். பலமில்லாத கை வளையாது, இழுத்தால் தோள் மூட்டு வலிக்கும். அதனால் போடும்போது பலமில்லாத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில்.

"இதைத்தான் அங்க சொல்லணும். நீ ஆறு வருஷம் பாத்துக்கிட்டேன்னு சொன்னா அவங்க தலையாட்டுவாங்க. இதைச் சொன்னா நிமிர்ந்து உட்காருவாங்க" என்றார்.

வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். உங்களுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. அது கையில் இருக்கிறது, இன்னும் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாளை எழுதிப் பாருங்க.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுல பாதியை வார்டு வாசல்லயே வச்சிட்டு உள்ளே போகணும்" என்றார் அக்கா.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்யத் தாதிமை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உதவியாளருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அதனாலேயே உதவியாளர் தானாக முடிவெடுத்துச் செய்யக்கூடாத காரியங்கள் நிறைய உண்டு. வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை 4.0-க்குக் கீழே போனால் நானே இனிப்புத் தண்ணீர் கலந்து கொடுப்பேன், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். மருந்தாளர் சொன்னபடி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பேன். வீட்டில் டாக்டரின் கையும் தாதியின் கையும் என் கைதான். வார்டில் அப்படி இல்லை. அங்கே நான் பார்க்க வேண்டும், தாதியிடம் உடனே சொல்ல வேண்டும், எழுத வேண்டியதை எழுத வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். மருந்து என் பொறுப்பு இல்லை.

"வீட்டில ரொம்ப நாள் பாத்துக்கிட்டவங்களை எடுக்க மேலாளர்கள் கொஞ்சம் தயங்குவாங்க" என்று அக்கா விளக்கினார். "அன்பு இருக்கும், வேகம் இருக்கும், ஆனா யாரையும் கேக்காம செஞ்சிருவாங்களோன்னு பயம். அந்தப் பயத்தை நீ முதல் பத்து நிமிஷத்துல எடுத்துரணும்."

அதற்காகவே ஒரு ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் பண்ண வைத்தார். 'ஐ வில் இன்ஃபார்ம் த ஸ்டாஃப் நர்ஸ்.' என் ஆங்கிலம் சந்தை ஆங்கிலம்தான். பெரிய வாக்கியம் எல்லாம் வராது. அக்கா சொன்னார், நீளமா பேசாதே, சின்னச் சின்ன வாக்கியமா, செய்யற வரிசையிலேயே சொல்லு. முதல்ல இது, அப்புறம் இது, அப்புறம் தாதிகிட்ட சொல்வேன். அது நன்றாகவே வேலை செய்தது.

மூன்றாவது வாரம் கை கழுவுவது. சிரிக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் என்று இருக்கிறது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சைக் காரியத்துக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கடைசியானதைத்தான் பலர் விட்டுவிடுவார்களாம். கட்டில் கம்பியை மட்டும் பிடித்துவிட்டு நகர்ந்தாலும் கை சுத்தம் செய்ய வேண்டும். கைத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நம்ம சமையலறைக் குழாயடியில் அக்கா கைத்தொலைபேசியில் நேரம் பார்க்க நான் கழுவிக் காட்டினேன்.

நகம் வெட்டச் சொன்னார். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் வீட்டில் வைக்கச் சொன்னார். கையில் அம்மன் கயிறு கட்டியிருந்தேன். அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நானே கேட்டேன். "ஈரமான துணி மாதிரிதான்மா அது. கிருமி தங்கும். வேலையில கையில எதுவும் இருக்கக்கூடாது" என்றார்.

இங்கேதான் நம்ம ஆட்களுக்கே உரிய கேள்விகள் வருகின்றன. எந்த நேர்முகத் தேர்வுப் புத்தகத்திலும் இவை இருக்காது. ஆனால் இவற்றுக்கு வீட்டிலேயே பதில் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

நான் சைவம். அங்கே காலையில் சீன ஆ மாக்களுக்குப் பன்றி இறைச்சிக் கஞ்சி ஊட்ட வேண்டியிருக்கும். ஆண்களைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கும். மலம் அள்ள வேண்டும். யாராவது இறந்துபோனால் உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்ய உதவ வேண்டும். அன்றைக்கே வெள்ளிக்கிழமையாக இருந்தால் கோயிலுக்கு வரலாமா?

முதல் இரண்டையும் வீட்டுக்காரரிடம் பேசினேன். "எங்கம்மாவுக்கு நீ செஞ்சதை இன்னொருத்தர் அம்மா அப்பாவுக்குச் செய்யப் போறே, இதுல என்னைக் கேக்க என்ன இருக்கு" என்றார். கஞ்சி விஷயத்தில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். விரதம் என் நாக்குக்கு. பசி அந்தப் பாட்டிக்கு. கரண்டியைப் பிடிப்பதால் என் விரதம் கெடாது. இது என் முடிவு. ஒவ்வொருவரும் அவரவர் மனசைக் கேட்டுக்கொள்ளுங்கள், முடியாது என்றால் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவதைக் குருக்கள் ஐயாவிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாம்மா. அம்மாவுக்குத் தெரியாதா நீ எங்கேருந்து வர்றேன்னு" என்றார். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். கயிற்றையும் அவரே அவிழ்த்து, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

நாலாவது வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. அக்கா மேலாளராக உட்கார்ந்தார். நடுவில் திடீரென்று ஒரு கெட்ட வார்த்தையோடு என் நிறத்தைச் சொல்லித் திட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு முதுமை மறதி நோயாளி இப்படித் திட்டுவாங்க. கிள்ளுவாங்க, துப்புவாங்க. அந்த வார்த்தையை நீ முதல்முதலா அங்க கேக்கக்கூடாதுன்னுதான் இங்க சொன்னேன். இப்ப சொல்லு, என்ன செய்வே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னேன். ஒரு அடி பின்னால் போவேன். அவர் கீழே விழாமல், தனக்கு அடிபடாமல் இருக்கிறாரா என்று பார்ப்பேன். சண்டை போடமாட்டேன், திருத்தவும் போகமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வருவேன் அல்லது வேறொருவரை வரச் சொல்வேன். தாதியிடம் சொல்வேன். "கடைசியா சொன்னது முக்கியம்" என்றார் அக்கா. "நோய் பேசுதுன்னு நீ பொறுத்துக்கலாம். ஆனா சொல்லாம மனசுலயே வச்சிக்காதே. அவங்களுக்கு வலி இருக்கலாம், மூத்திரக் கிருமித் தொற்று இருக்கலாம். திடீர்னு குணம் மாறினா அதுவும் ஒரு அறிகுறிதான்."

நேர்முகத் தேர்வு 40 நிமிஷம் நடந்தது. தாதிமை மேலாளர் ஒருவரும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். நினைவிருக்கிற கேள்விகளை எழுதுகிறேன்.

குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால்? கட்டாயப்படுத்தமாட்டேன். ஏன் என்று கேட்பேன். குளிரா, வலியா, வெட்கமா என்று பார்ப்பேன். பிறகு வருகிறேன் என்று சொல்வேன், முகம் கை கால் மட்டுமாவது துடைக்கலாமா என்று கேட்பேன். தாதியிடம் சொல்வேன்.

தரையில் ஒருவர் விழுந்து கிடந்தால்? தூக்கமாட்டேன். இதுதான் அவர்கள் கேட்க விரும்புவது. எலும்பு முறிந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். பக்கத்திலேயே இருந்து உதவிக்குக் கூப்பிடுவேன், பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன், தாதி வந்து சொன்ன பிறகுதான் நகர்த்துவோம்.

படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி? நாற்காலியை அவருடைய பலமான பக்கம் வைப்பேன், பிரேக் போடுவேன், கால் வைக்கும் தட்டுகளை மடக்குவேன், எத்தனை பேர் சேர்ந்து மாற்ற வேண்டும் என்று குறித்திருப்பதைப் பார்ப்பேன். இரண்டு பேர் என்று இருந்தால் ஒருத்தியாகச் செய்யமாட்டேன்.

குடும்பத்தார் அங் பாவ் கொடுத்தால்? நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். விடாப்பிடியாகக் கொடுத்தால் மேலாளரிடம் சொல்வேன்.

தமிழ் தவிர வேறென்ன பேசுவீர்கள்? பேரங்காடி மலாய் பேசுவேன். ஹொக்கியனில் வலிக்கிறதா, சாப்பிட்டாச்சா என்று கேட்கத் தெரியும், நாலு வார்த்தைதான் என்று உள்ளதைச் சொன்னேன். 'சாக்கிட்' என்றாலும் 'தியா' என்றாலும் வலி என்று புரிந்துகொள்வேன் என்றதும் மேலாளர் சிரித்துவிட்டார்.

தீபாவளி அன்று ஷிஃப்ட் விழுந்தால்? இதையும் வீட்டில் பேசி வைத்திருந்தேன். தீபாவளிக்கு வருவேன், விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவேன். தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. வீட்டுக்காரர் காவடி எடுக்கும் வருஷம் மட்டும் முன்கூட்டியே விடுப்புக் கேட்பேன் என்றேன். மேலாளர் எழுதிக்கொண்டார். எதற்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் முழிப்பதைவிட இது நல்லது.

ஏன் இந்த வேலை என்ற கேள்விக்கு 'சேவை மனப்பான்மை' என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். சேவை என்றால் முடிந்தபோது வருவது என்று கேட்பவருக்குத் தோன்றுமாம். நான் சொன்னது இதுதான்: எனக்கு இந்த வேலை தெரியும், சம்பளமும் தேவை, வாரம் தவறாமல் ஏழு வருஷம் கோயிலில் தொண்டூழியம் செய்கிறேன், நேரத்துக்கு வருவேன்.

கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். முதல் சில வாரம் யாரோடு சேர்ந்து வேலை பழகுவேன், ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்டேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் வேலை செய்யும் இடத்தில் நம்ம கோயிலுக்கு வந்து போனவர்களும் இருக்கலாம். "இன்னாரோட அப்பா அங்கதானே இருக்காரு, எப்படி இருக்காரு?" என்று பிரசாதம் வாங்கும் வரிசையில் என்னைக் கேட்காதீங்க. இருக்கிறார் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. சட்டத்தைவிட முக்கியமாக, பேம்பர்ஸ் மாற்றிவிட்டவள் கோயிலில் வாய் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெரியவர் எனக்கு உடம்பைக் காட்டுகிறார். அக்கறை இருந்தால் நேரில் போய்ப் பாருங்க. போகும்போது சாப்பாடு கொண்டுபோனால் தாதியிடம் கேட்காமல் ஊட்டாதீங்க. விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு உளுந்து வடை கூட ஆபத்து.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: 2030-இல் இந்த நாட்டுக் குடிமக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். நம்மைப் போன்றவர்களின் கை தேவைப்படும். மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலைகள் இருக்கின்றன. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் கூடுதலாகக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். இப்போது வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் பராமரிப்பாளர் பயிற்சி மானியம் பற்றிக் கேளுங்கள். இன்றைக்கு உங்கள் அம்மாவுக்கும் உதவும், நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

சிஸ்டர் அக்கா வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகைக்கு உட்காரத் தயார் என்கிறார். இரவு 9 மணிக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்த பிறகு, பின்மண்டபத்தில். வரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் ஒரு நாளை எழுதிக்கொண்டு வாங்க. எழுதாமல் வந்தால் வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுவார், இப்பவே சொல்லிட்டேன்.

தாயே துணை.